கோடை எந்நாளில் தொடங்குகிறது? உப்பளக் கரையின் பருவங்களும் சிறுநீரகமும்

"கத்திரி கழிந்துவிட்டதே ஐயா, இனிமேல் பழையபடி இருக்கலாமா?" வைகாசித் திங்களின் நடுவில் எமது சிறுநீரகப் பிரிவின் புறநோயாளர் அறையில் ஆண்டுதோறும் எழும் வினா இது. கேட்பவர்கள் பெரும்பாலும் மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு, எக்கியார்குப்பம் ஆகிய ஊர்களின் உப்பளத் தொழிலாளரும் மீனவரும் அவர்தம் இல்லத்தாரும் ஆவர். "பழையபடி" என்னும் சொல்லுக்குள் பல அடங்கியுள்ளன. கோடைக்கெனக் குறைத்துக் கொடுத்த நீர் மாத்திரையை மீண்டும் கூட்டுதல், அளத்துக்கு எடுத்துச் செல்லும் குடிநீரைப் பாதியாக்குதல், முற்பகலோடு நிறுத்திய வேலையை நண்பகல் கடந்தும் நீட்டித்தல் ஆகியன அவற்றுட் சில. ஆகவே பருவம் எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடிகிறது என்பது இக்கடற்கரையில் பஞ்சாங்கம் பார்ப்போர்க்கு மட்டுமே உரிய ஆராய்ச்சி அன்று. நோயாளியின் குருதியிலுள்ள கிரியாட்டினின் அளவும் அதனோடு பிணைந்துள்ளது.

பல நாட்காட்டிகள்

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இந்திய வானிலை ஆய்வுத் துறையோ நான்கு பருவங்களையே கொள்கிறது. சனவரி, பிப்ரவரி குளிர்காலம். மார்ச்சு முதல் மே வரை கோடை. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். இவ்விரண்டிற்கும் அப்பால் மக்கள் பெரிதும் நம்புவது அக்கினி நட்சத்திரம் எனப்படும் கத்திரி வெயில். சூரியன் பரணியின் மூன்றாம் பாதம் முதல் ரோகிணியின் முதற்பாதம் வரை செல்லும் அக்காலம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28-ஐ ஒட்டி முடிகிறது.

பள்ளிப் பாடத்தை நினைவிற் கொண்டோர் ஈண்டு ஓர் ஐயம் எழுப்பலாம். சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் நாள்தானே மிகுந்த வெப்பமுடைய நாளாக இருத்தல் வேண்டும்? மரக்காணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.2 பாகையில் அமைந்துள்ளது. ஏப்ரல் 22-ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்டு 21-ஐ ஒட்டி மறுமுறையும் இங்கே நண்பகலில் நட்ட கோலுக்கு நிழல் விழுவதில்லை. ஆனால் அவ்விரு நாள்களும் ஆண்டின் உச்ச வெப்ப நாள்கள் அல்ல. அடுப்பில் ஏற்றிய உலைநீர், தீ மூட்டிய கணத்திலேயே கொதிப்பதில்லை. நிலமும் அவ்வாறே வாங்கிய வெப்பத்தைச் சேர்த்து வைத்துப் பின்னரே முழுவதும் சூடேறுகிறது.

கடற்கரைக்கு வேறொரு காரணமும் உண்டு. சித்திரையில் முற்பகலிலேயே கடற்காற்று எழுந்துவிடுகிறது. வெயில் கடுமையாயினும் காற்று காக்கிறது. மே மாத இறுதியில் தென்மேற்குக் காற்று வலுப்பெறும்போது நிலை மாறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்தில் மழையைப் பொழிந்துவிட்டு, மலையிறங்கி, வறண்டு, சூடாகி நம் பக்கம் வரும் மேல்காற்று கடற்காற்றைப் பிற்பகல் வரை உள்ளே நுழையவிடாமல் தடுத்துவிடுகிறது. சூன் முதல் நாளை ஒட்டிக் கேரளத்தில் மழை தொடங்கியது என்னும் செய்தியைக் கேட்டு நாம் மகிழும் வேளையில் நம் கரையில் அனல் வீசுவதன் காரணம் இதுவே. சென்னையில் இதுவரை பதிவான உச்ச வெப்பநிலை 45 பாகை செல்சியசு. அது பதிவான நாள் 2003-ஆம் ஆண்டு மே 31. அதாவது கத்திரி விடைபெற்ற பின்னர்.

ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்று முன்னோர் வகுத்ததை வெறும் இலக்கிய மரபெனச் சிலர் ஒதுக்குவர். இக்கரையின் சூன் மாதத்தை அறிந்த எமக்கு அப்பெயர் மிகப் பொருத்தமாகவே தோன்றுகிறது. கத்திரி கழிந்தபின் "பழையபடி" ஆகலாமா என்னும் வினாவுக்கு முதல் விடை, ஆகலாகாது என்பதே. மேல்காற்று தணிந்து, மாலை மழை சில பெய்து, முற்பகற் கடற்காற்று மீளும்வரை, ஏறத்தாழ ஆடி கழியும்வரை, கோடைக் கட்டுப்பாடுகள் தொடரவேண்டும்.

வெப்பமானியின் எண்ணும் கரையில் ஏமாற்றும். உள்நாட்டுச் சமவெளியில் 40 பாகையைத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிப் பேசப்படும். கடலோரத்திற்கோ வானிலைத் துறை 37 பாகையையே வரம்பாக வைத்துள்ளது. அத்துடன் இயல்பினின்று 4.5 பாகையேனும் மிகுந்திருத்தல் வேண்டும். ஈரக்காற்றில் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரையும் உப்பையும் இழந்ததே மிச்சம்.

அளத்தின் ஆண்டு

உப்பளத்தில் ஆறு பருவமும் இல்லை, நான்கும் இல்லை. உப்பு விளையும் காலம், விளையாக் காலம் என இரண்டே உள்ளன. பொங்கல் கழிந்ததும் தேங்கிய மழைநீரை வடித்து, சேறு அகற்றி, வரப்புக் கட்டி, பாத்திகளை மிதித்துச் சமன் செய்கின்றனர். பின்னர் உவர்நீர் பாய்ச்சப்படுகிறது. கடல்நீரின் செறிவு போமே அளவையில் ஏறத்தாழ 3 பாகை. வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச உறிஞ்ச அது பாத்திக்குப் பாத்தி ஏறி 25 பாகையை எட்டும்போது உப்பு மணி கட்டுகிறது. 29, 30 பாகையைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும். எனவே உரிய நேரத்தில் வாரியெடுத்தல் வேண்டும். வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவு விளைச்சல். மனித உடல் ஓய்வை நாடும் நாள்களே அளத்தில் வேலை மிகும் நாள்கள் என்பது இத்தொழிலின் தனித்த இடர்.

ஐப்பசியின் முதற்பெருமழையோடு விளைச்சல் முடிகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும் என்பது பொதுக்கணக்கு. அது முடியும் நாளை எவரும் உறுதி கூறல் இயலாது. 2011-ஆம் ஆண்டு தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது டிசம்பர் 30 அன்று. மழைக்காலம் முடிந்தது என்று மக்கள் எண்ணியிருந்த வேளை அது. 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரையேறியது. அதனை அடுத்து 2021 சனவரியில், பொங்கல் நாள்களிலும் மழை ஓயவில்லை. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்து, விழுப்புரம் மாவட்டத்தையே வெள்ளக்காடாக்கியது. இத்தகைய ஆண்டுகளில் அளத்தைச் சீரமைக்கும் பணி தையினின்று மாசிக்கும், சில இடங்களில் பங்குனிக்கும் தள்ளிப் போகிறது. வருவாயற்ற திங்கள்களும் அதற்கேற்ப நீள்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இடைக்காலத்திற்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. புயல் நீண்ட ஆண்டில் அத்தொகை தை வரை தாங்குவதில்லை என்பதை, மருந்து வாங்குவதை நிறுத்திவிட்டுத் தையில் எம்மிடம் திரும்பும் நோயாளரைக் கொண்டே அறிகிறோம்.

தொடக்கம் தள்ளிப் போவதில் மருத்துவர்க்கு ஏன் அக்கறை? தையில் வேலைக்குச் செல்பவரின் உடல், இளவெயிலில் தொடங்கி நாளுக்கு நாள் ஏறும் வெப்பத்தோடு தானும் பழகுகிறது. பங்குனியில் முதன்முறை இறங்குபவருக்கு அந்தப் படிக்கட்டுகள் இல்லை. நீண்ட ஓய்விலிருந்து நேரே உச்சி வெயிலுக்குள் அவர் நுழைகிறார்.

உடலின் ஆண்டு

வெப்பத்துக்குப் பழகுதல் என்பது மனவுறுதி சார்ந்ததன்று. அளந்து காணத்தக்க உடலியல் மாற்றம். ஏறத்தாழ 7 முதல் 14 நாள்களில் வியர்வை விரைவாகச் சுரக்கத் தொடங்குகிறது. வியர்வையில் வெளியேறும் உப்பு குறைகிறது. குருதியின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதே வேலைக்கு இதயம் முன்னிலும் மெல்லத் துடிக்கிறது. ஆனால் இப்பழக்கம் நிலையானதன்று. ஒரு வாரம் விலகினாலே தளரத் தொடங்கி, ஒரு மாதத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். எனவே முப்பது ஆண்டு அளத்திலேயே உழைத்தவரும், மழைக்கால ஓய்வுக்குப் பின் முதல் வாரத்தில், வெப்பத்தைப் பொறுத்தவரை புதியவரே. காய்ச்சலில் பத்து நாள் படுத்தெழுந்தவரும், மகள் வீட்டுப் பேறுகாலத்திற்கெனக் குளிர்ந்த ஊருக்குச் சென்று வந்தவரும் அவ்வாறே. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் இதற்கென ஒரு படிமுறை வகுத்துள்ளது. பழகிய தொழிலாளி இடைவெளிக்குப் பின் திரும்பும்போது முதல் நாள் பாதி வேலை, இரண்டாம் நாள் 60 விழுக்காடு, மூன்றாம் நாள் 80, நான்காம் நாளில் முழு வேலை. புதியவராயின் முதல் நாள் 20 விழுக்காடே. கூலி நாட்கணக்கில் பெறுவோர்க்கு இது எளிதன்று என்பதை அறிவோம். குடும்பத்தில் இருவர் அளத்துக்குச் செல்வோராயின், முதல் வாரத்தில் வெயிலேறிய பின் செய்யும் வேலையைத் தமக்குள் மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்வதேனும் இயலும்.

பழகாத உடல் நீரிழக்கும்போது முதலில் துன்புறுவது சிறுநீரகம். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிநீரைப் பிரித்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, எஞ்சியதை உடலுக்கே மீட்டுத் தருகிறது. அதற்கு இடைவிடாத குருதியோட்டம் வேண்டும. நீரிழப்பில் அவ்வோட்டம் சுருங்குகிறது. கடும் உழைப்பில் தசைகள் சிதைந்து கழிவு கூடுகிறது. ஒரு நாள் நேர்ந்தால் மறுநாள் ஓய்வில் சரியாகும். நாள்தோறும், கோடைதோறும் நேர்ந்தால் வடிகட்டும் நுண்ணலகுகள் ஒவ்வொன்றாய்த் தழும்பேறி அடைபடுகின்றன. வலியில்லை, வீக்கமில்லை; பாதிக்கு மேல் இழந்த பின்னரும் அறிகுறி இல்லாதிருக்கலாம்.

மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர், நிகராகுவா நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளரிடையே, நீரிழிவோ உயர் குருதியழுத்தமோ இல்லாத இளைஞர் பலர் சிறுநீரகச் செயலிழப்பால் மாண்டபோதுதான் உலகம் இதனைக் கவனித்தது. நம் மாநிலத்திலும் சான்று உண்டு. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்தனர். அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பை மீறிய வெப்பத்தில் உழைத்தனர். ஏறத்தாழ 7 விழுக்காட்டினரின் சிறுநீரக வடிதிறன் குறைந்திருந்தது.

பெண்களின் நிலை இன்னும் கடினம். திறந்த வெண்பரப்பில் மறைவிடம் இல்லை. கழிப்பறை இல்லாத அளங்களில் பெண்கள் வேலை முடியும்வரை நீர் அருந்துவதையே தவிர்க்கின்றனர். சிறுநீர்த்தொற்றும் சிறுநீரகக் கல்லும் இதன் விளைவுகள். அளத்தில் கழிப்பறை அமைப்பது நாகரிகத்தின் பொருட்டு மட்டுமன்று; அது சிறுநீரக மருத்துவத்தின் ஒரு பகுதி என்றே கொள்கிறோம்.

யார் என்ன செய்தல் வேண்டும்

நோயற்ற தொழிலாளர்க்குச் சொல்ல வேண்டுவது சிலவே. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்துக. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டா. வெறும் நீரை அளவு மீறிக் குடித்தால் குருதியின் உப்புச்செறிவு தாழ்ந்து மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். நீராகாரமும் உப்பிட்ட நீர்மோரும் கஞ்சியும் வியர்வையில் போன உப்பை ஈடுசெய்யப் போதும். உப்புக்குள்ளேயே நிற்கிறோமே, உடலில் உப்புக் குறையுமா என்று சிலர் வியப்பர். காலின் தோல் வழியே உப்பு உடலுக்குள் ஏறுவதில்லை. விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பதும், பனையோலையாலேனும் ஒரு நிழற்பந்தல் இடுவதும் நீரைப் போன்றே இன்றியமையாதவை. நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களில் நீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் ஒருங்கே அளித்தபோது சிறுநீரகப் பாதிப்புக் குறைந்தது.

உடல்வலிக்கெனக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளைப் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகச் சொல்ல விரும்புகிறோம். நீரிழந்த சிறுநீரகம் தன் குருதியோட்டத்தைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் கடைசி வழியை இம்மாத்திரைகள் அடைத்துவிடுகின்றன. கோடையில் அளத்திலிருந்து திரும்பி இவற்றை உண்பது மிகத் தீங்கானது. வலி தாளாவிடில் பாராசிட்டமாலை உரிய அளவில் கொள்ளலாம்.

குருதியழுத்த நோயாளர்க்கு வேறு கணக்கு. குளிர்காலத்தில் அழுத்தம் சற்று ஏறுவதும் கோடையில் இறங்குவதும் இயல்பு. மார்கழியில் பொருத்தமாயிருந்த மருந்தளவு வைகாசியில் மிகையாகி, எழுந்து நின்றதும் தலைசுற்றலைத் தரலாம். நீர் மாத்திரை, டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் வகை மாத்திரைகள், நீரிழிவுக்கும் இதயத்துக்கும் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் வகை ஆகியவற்றை உண்போர் மாசி இறுதியில் ஒருமுறையும் ஆடி கழிந்து ஒருமுறையும் எம்மைக் கண்டு அளவைச் சரிபார்த்துக் கொள்க. இடையில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுங்காய்ச்சலோ வந்து நீர் அருந்த இயலாதாயின், அன்றைக்கே தொலைபேசியில் கேளுங்கள். இவற்றுட் சிலவற்றை ஓரிரு நாள் நிறுத்திவைக்கச் சொல்வோம். மெட்ஃபார்மினுக்கும் இது பொருந்தும். தாமாக நிறுத்துவதும் தவறு, நிறுத்தியதை மீண்டும் தொடங்க மறப்பது அதனினும் பெருந்தவறு. கோடை என்பதற்காக இவர்கள் மிகுதியாக உப்புச் சேர்த்தலும் ஆகாது.

சிறுநீரகம் செயலிழந்து குருதிச் சுத்திகரிப்பில் உள்ளோர்க்கு மேற்சொன்ன நீர்க் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களின் நீரளவு கோடையிலும் நாங்கள் குறித்துத் தந்ததே. தாகம் தணியப் பனிக்கட்டித் துண்டு ஒன்றைச் சுவைக்கலாம். அதுவும் கணக்கில் சேரும். பரிவோடு இளநீர் வாங்கி வரும் உறவினர்க்கு ஒரு வேண்டுகோள்: இளநீரில் பொட்டாசியம் மிகுதி. நலமுள்ளவர்க்கு நன்மை தரும் அதே இளநீர், இவர்க்கு இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். நுங்கு, பழச்சாறு பற்றியும் கேட்டறிந்தே கொடுக்கவேண்டும்.

வெயிலில் ஒருவர் பிதற்றினாலோ நினைவிழந்தாலோ அது வெப்பத்தாக்கு. அதனை மயக்கம் எனக் கருதிக் காத்திருத்தல் கூடாது. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுதும் நீரூற்றி விசிறியபடியே 108-ஐ அழைக்கவேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் புகட்டலாகாது. வெப்ப அலையைத் தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது. அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவி உண்டு. இறப்பின் காரணம் மருத்துவ ஆவணத்தில் பதிவாக வேண்டுமாதலின், எவ்விடத்தில், எம்மணியில், எவ்வேலையில் இருந்தபோது விழுந்தார் என்பதை உடன் வருவோர் தெளிவாகச் சொல்லவேண்டும்.

கார் முதல் பனி வரை

மழைக்காலம் குளிர்ச்சி தருவதால் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது என்று எண்ணற்க. கழுவேலிக்கு வலசைப் பறவைகள் வந்திறங்கும் ஐப்பசியிலேயே எலிக்காய்ச்சலும் தலைகாட்டுகிறது. அளத்தில் உழைத்தோர் பாதங்களில் உப்பு அறுத்த வெடிப்புகள் ஆறாமல் இருக்கும். தேங்கிய வெள்ளநீரில் கலந்த எலிச் சிறுநீரின் நுண்ணுயிர் அவ்வழியே நுழைகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, சிவந்த கண்கள் ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றே வருக. மஞ்சள் காமாலையும் சிறுநீர்க் குறைவும் தோன்றும்வரை பொறுக்கலாகாது. வெள்ளத்தில் இறங்கியது பத்து நாளுக்கு முன் என்றாலும் அதனை மருத்துவரிடம் சொல்லவேண்டும். நோய் வெளிப்பட அவ்வளவு காலம் ஆகலாம்.

சுத்திகரிப்பில் உள்ளோர் அக்டோபர் முதலே புயல் அறிவிப்புகளைக் கவனித்து வருதல் வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை நீரில் மூழ்கினால் மரக்காணத்திலிருந்து அவ்வழியே செல்ல இயலாமற் போகும். கரை கடக்கும் நாளுக்கு முந்தைய நாளே சுத்திகரிப்பைச் செய்துகொள்ள எம் பிரிவில் கூடுதல் முறை ஒதுக்குகிறோம். அழைப்பை எதிர்பாராமல் நீங்களே கேட்டுப் பெறலாம். சாலை அடைபட்ட நாள்களில் நீரளவைப் பாதியாகக் குறைத்து, பழம், கீரை, கிழங்கு ஆகியவற்றை முற்றிலும் விலக்குக.

மார்கழி பிறந்ததும் குருதியழுத்தத்தை வீட்டிலோ அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வாரம் இருமுறை அளந்து, நாளுடன் குறித்துவைத்து, அக்குறிப்பேட்டை மாசிச் சந்திப்புக்குக் கொண்டுவருக. அளத்துக்குச் செல்வோர் கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் ஆகிய இரு சோதனைகளையும் விளைச்சல் தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் செய்துகொள்ள வேண்டும். வேலை முடிந்த அன்று மாலை எடுத்த குருதியில் கிரியாட்டினின் மிகுந்து காட்டக்கூடுமாதலால், ஒரு நாள் ஓய்வுக்குப் பின் காலையில் வருவது நன்று.